கருஞ்சிவப்பு பட்டன் ரோஸ் வந்த வழி



போன கிழமை ஒரு பிள்ளை கருஞ்சிவப்பு பட்டன் ரோஸ் ஒன்றைக் கொண்டுவந்து, "சேர், இது எந்த நாட்டுப் பூ?" என்று கேட்டது. "சுவிஸ்" என்று சொல்லிவிட்டுப் பாடத்துக்குப் போய்விட்டேன். அது பாதிப் பதில்தான். மீதியை இங்கே எழுதுகிறேன்.

நிறம் சீனாவுடையது. ஐரோப்பாவின் பழைய சிவப்பு ரோசாக்கள் பூத்துக் கொஞ்ச நாளிலே ஊதாவாக மங்கிவிடும். பெரும்பாலானவை வருடத்துக்கு ஒரு தடவைதான் பூக்கும். 1790களின் தொடக்கத்தில் கில்பர்ட் சிலேட்டர் இங்கிலாந்தில் வளர்த்த சீனக் கன்றுதான் மங்காத சிவப்பையும் திரும்பத் திரும்பப் பூக்கும் குணத்தையும் அங்கே கொண்டுபோனது.

குள்ள உருவமும் சீன வழிதான். 19ஆம் நூற்றாண்டில் அதைச் சாடிகளில் ஆசையாக வளர்த்தார்கள், பிறகு மறந்தே போனார்கள். முதலாம் உலகப் போர்க் காலத்தில் ரூலே என்ற இராணுவ அதிகாரி சுவிட்சர்லாந்தின் மோபோர்ஷே கிராமத்தில், ஜன்னலோரச் சாடியில் அதைக் கண்டு, கோரவோன் என்ற தாவரவியலாளரிடம் சொன்னார். இவர் தேடிப்போனபோது கிராமம் எரிந்துபோயிருந்தது. பக்கத்து ஒன்னான் கிராமத்தில் ஒரு பெண்ணிடம் அதே கன்று இருந்தது! அதிலிருந்துதான் கிளை எடுத்தார்கள்.

ஹொலந்தின் யான் டி விங்க் அதை வேறொரு ரோசாவோடு கலந்தார். அந்தக் கன்று 1936இல் 'டொம் தம்ப்' என்ற பெயரில் அமெரிக்காவுக்கு வந்தது. கடுஞ்சிவப்பு இதழ், நடுவில் வெள்ளை. பிறகு கலிபோர்னியாவின் ரால்ஃப் மூர் வாழ்நாள் முழுக்க இந்தக் குட்டி ரோசாக்களை உருவாக்குவதிலேயே இருந்தார்.

ஒன்னான் கதையை வாசித்தபோது எனக்கு உம்மாவின் ஞாபகம் வந்தது. 1986 ஏப்ரல் 20 அதிகாலை எங்கள் குளக்கட்டு உடைந்ததை மூத்தவர்கள் மறக்கமாட்டீர்கள். போன உயிர்களுக்கு முன்னால் பூக்கன்று ஒரு கணக்கே இல்லை. ஆனாலும் முற்றத்து ரோசா போனதை உம்மா பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார். மேட்டுப் பக்கம் இருந்த ஒரு சிங்கள அக்காவுக்கு முன்பு கிளை முறித்துக் கொடுத்திருந்தார். அவர் திருப்பி ஒரு கிளை கொண்டுவந்து தந்தார்.

வாங்கிய கன்று ஒரு மாதத்தில் செத்துவிடுகிறது என்பவர்களுக்கு: கடைச் சாடியில் பெரும்பாலும் மூன்று நான்கு கன்று நெருக்கமாக இருக்கும், பிரித்து நடுங்கள். கந்தளாய் மத்தியான வெயிலில் கருஞ்சிவப்பு இதழ் கருகும், காலை வெயில் போதும். கிளை வேண்டுமென்றால் மழை தொடங்கியதும் வீட்டுப் பக்கம் வாங்க.