பயாப்ஸி ரிசல்ட் லேட்டாகுதா? பதறாமல் காத்திருக்க என்ன செய்யலாம்?

மார்பகத்தில் கட்டி. ஸ்கேன் முடிந்து பயாப்ஸியும் எடுத்தாச்சு. இனி ரிசல்ட் வரும்வரை ஓட்ட வேண்டிய நாட்கள்தான் பலருக்கும் பெரிய சோதனை.

ஏன் இத்தனை நாள்?

எடுத்த திசுவை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றிய பிறகே மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். இதற்கே சில நாட்கள் ஆகும். தெளிவு கிடைக்காவிட்டால் கூடுதல் சோதனையும் உண்டு. அதனால் 'லேட்டானா கேன்சர்தான்' என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள்.

'பைராட்ஸ் 4' என்றால்?

ஸ்கேன் ரிப்போர்ட்டில் இதைப் பார்த்து, புற்றுநோயின் 4-ம் ஸ்டேஜ் என்று பயப்படுபவர்கள் உண்டு. அது ஸ்டேஜ் இல்லை. 'சந்தேகம் இருக்கிறது, திசுவை எடுத்துப் பாருங்கள்' என்பதற்கான குறியீடு. பயாப்ஸிக்குப் போகும் கட்டிகளில் பல, ஃபைப்ரோஅடினோமா போன்ற புற்றுநோய் அல்லாத கட்டிகள்தான்.

என்ன செய்யலாம்?

* ரிசல்ட் எந்த நாள், யாரிடம் கிடைக்கும் என்று கேட்டு எழுதி வையுங்கள். அந்த நாள் தாண்டினால் தயங்காமல் போன் போட்டுக் கேளுங்கள்.

* ராத்திரியில் கூகுளைத் தோண்ட வேண்டாம். மனசில் ஓடும் கேள்விகளை டாக்டரிடம் கேட்க நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

* ஊருக்கே சொல்ல வேண்டியதில்லை. நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள். ரிசல்ட் வாங்கும்போது அவரையும் அழைத்துச் செல்லுங்கள்.

* ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்தால், தனியாகப் படித்துக் குழம்பாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

* தூக்கமே வரவில்லை, பதற்றம் குறையவில்லை என்றால், டெலி மானஸ் இலவச மனநல உதவி எண் 14416-ஐ அழைக்கலாம். 24 மணி நேரமும் இயங்கும், தமிழிலும் பேசலாம்.

முக்கியமாக, பயந்துகொண்டு ரிப்போர்ட் வாங்கப் போகாமல் இருந்துவிடாதீர்கள். புற்றுநோயாகவே இருந்தாலும், சீக்கிரம் தெரிந்தால் குணமாகும் வாய்ப்பு அதிகம்.