ஒரு சென்ட் சொர்க்கம்

அமெரிக்காவின் பழைய பொருள் சந்தைகளில், அட்டைப்பெட்டி நிறைய பழைய போஸ்ட் கார்டுகளை அடுக்கி வைத்திருப்பார்கள். அவற்றில் மோட்டல் கார்டுகளுக்கென்றே அலைகிற ஆசாமிகள் உண்டு. நீல நிற நீச்சல் குளம், பஞ்சு மேகம், வாசலில் பளபளக்கும் கார், ஜொலிக்கும் நியான் போர்டு... 'லாட்ஜ் படத்தைப் போய் யாராவது சேர்ப்பாங்களா?' என்று கேட்காதீர்கள். ஆயிரக்கணக்கில் சேர்க்கிறார்கள்!

1925-ல் கலிபோர்னியாவின் சான் லூயிஸ் ஒபிஸ்போவில், ஆர்தர் ஹைன்மேன் என்ற ஆர்க்கிடெக்ட் ஒரு விடுதி கட்டினார். ரூம் வாசலிலேயே காரை நிறுத்திவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்ளலாம். 'மோட்டார்', 'ஹோட்டல்' இரண்டையும் ஒட்டவைத்து 'மோட்டல்' என்று பெயர் சூட்டினார். மறு வருடம் சிகாகோவிலிருந்து கலிபோர்னியாவுக்கு 'ரூட் 66' நெடுஞ்சாலை வந்தது. சுமார் 3,900 கி.மீ! வழியெல்லாம் மோட்டல்கள் முளைத்தன.

பல மோட்டல்கள் கணவனும் மனைவியுமாக நடத்திய சின்னக் கடைகள்தான். பெரிய விளம்பரம் கட்டுப்படியாகாது. அதனால் போஸ்ட் கார்டு அச்சடித்து ரூமில் வைத்துவிடுவார்கள். தங்க வந்தவர் 'எக்ஸ் போட்டிருக்கிறேனே, அதுதான் எங்க ரூம்' என்று எழுதி ஊருக்குப் போடுவார். 1930, 40-களில் தபால் செலவு ஒரே ஒரு சென்ட். அதையும் கஸ்டமரே கொடுத்துவிடுவார்!

இந்தக் கார்டுகளின் பிரம்மா, சிகாகோவின் கர்ட் டைக். ஜெர்மனியிலிருந்து வந்து 1898-ல் கம்பெனி தொடங்கியவர். அவருடைய ஏஜென்ட் மோட்டலைக் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்து, சுவர் என்ன கலர், கூரை என்ன கலர் என்று குறித்து அனுப்புவார். மிச்சமெல்லாம் டச்சிங் ஆர்ட்டிஸ்ட் கைங்கர்யம். டெலிபோன் கம்பம் மாயமாகும். மங்கிய வானம் நீலமாகும். துணி நெசவு போலச் சொரசொரப்பான காகிதத்தில் அச்சடித்ததால் 'லினன் கார்டு' என்று பெயர்.

கலெக்டர்கள் முதலில் பார்ப்பது கார்டில் உள்ள பொடி எண்ணை. ஆங்கில 'ஏ' இருந்தால் முப்பதுகள், 'பி' என்றால் நாற்பதுகள், 'சி' ஐம்பதுகள். '7ஏ' என்றால் 1937! கம்பெனி 1978-ல் மூடப்பட்டது. அதன் சேகரிப்பு இன்று சிகாகோவின் நியூபெரி நூலகத்தில் இருக்கிறது.

1956-ல் வந்த நெடுஞ்சாலைச் சட்டத்தால் பெரிய பெரிய சாலைகள் ஊர்களுக்கு வெளியே பாய்ந்தன. பழைய சாலையில் கார் குறைந்தது, மோட்டல்கள் மூடின. 1985-ல் 'ரூட் 66' என்ற எண்ணையே நீக்கிவிட்டார்கள். இடிந்துபோன எத்தனையோ மோட்டல்களுக்கு இன்று சாட்சி ஒரு கார்டு மட்டும்தான்.

ஆனால், இந்தச் சாட்சி முழு உண்மை சொல்லாது. டெலிபோன் கம்பத்தையாவது ஆர்ட்டிஸ்ட் அழித்தார். இன்னொரு விஷயம் படத்தில் வர வாய்ப்பே இல்லை. அந்த மோட்டல்களில் ஏராளமானவற்றில் கறுப்பின மக்களுக்கு ரூம் கிடையாது. கையில் பணம் இருந்தாலும், காரில் குழந்தை தூங்கினாலும் கிடையாது! அவர்கள் எங்கே தங்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று 1936-ல் 'கிரீன் புக்' என்ற கையேட்டைத் தொடங்கினார் விக்டர் கிரீன். நியூயார்க் ஹார்லெம்வாசி. வேலை? தபால்காரர்!

1964 ஜூலையில் சிவில் உரிமைச் சட்டம் வந்தது. விடுதியில் நிறம் பார்க்கக் கூடாது. 216 ரூம்கள் கொண்ட 'ஹார்ட் ஆஃப் அட்லாண்டா' மோட்டல் அதை எதிர்த்து சுப்ரீம் கோர்ட் வரை போனது. டிசம்பரில் தோற்றது.

மெம்பிஸ் நகரின் 'லொரெய்ன் மோட்டல்' வேறு ரகம். கறுப்பினத் தம்பதி நடத்தியது, கிரீன் புக்கில் இடம்பெற்றது. மார்ட்டின் லூதர் கிங் அங்கே வழக்கமாகத் தங்குவார். 1968 ஏப்ரல் 4 அன்று, 306-ம் எண் அறையின் பால்கனியில் நின்றபோதுதான் அவரைச் சுட்டார்கள். 1991 முதல் அது சிவில் உரிமை மியூசியம்.

அட்லாண்டா கார்டில் நீச்சல் குளம் இருக்கும், சிரிக்கிற வானம் இருக்கும். யாரைத் திருப்பி அனுப்பினார்கள் என்பது மட்டும் இருக்காது. அதனால் கார்டுப்பெட்டிக்குப் பக்கத்தில் கிரீன் புக்கையும் வைத்துக்கொள்ளலாம். ஊர் பெயரைப் பார்த்து, இரண்டையும் ஒப்பிட்டுப் படிக்கலாம்.