எண்ணுக்குப் பொருள் கண்ட கருவி



நான் ஆசிரியப் பணி ஆற்றிய நாளில், வராத பிள்ளைக்கு வருகைப் பதிவேட்டில் ஒரே குறியைத்தான் இடுவேன். காய்ச்சலில் கிடந்தவனுக்கும் அக்குறியே. தாய்க்குத் துணையாக நடவுக்குச் சென்றவனுக்கும் அக்குறியே. குறி பொய்யன்று, ஆயினும் அது காரணத்தைச் சொல்லவில்லை. ஓய்வு பெற்றபின் கணிப்பொறியின் வரலாற்றைக் கற்றபோது இக்குறை என் நெஞ்சில் உறுத்தியது.

கணிப்பொறியில் ஓடும் நிரல், ஒரு கோப்பைத் தானே திறந்துவிட இயலாது. இயங்குதளத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். இதனை ‘அமைப்பு அழைப்பு’ என்பர். அதனுடன் செல்லும் விவரங்கள் செயலுருபுகள். அவையோ வெறும் எண்கள்!

இவ்வழைப்புகளை இடைநின்று கண்டு, மனிதர் படிக்கும் வண்ணம் அச்சிடும் ‘எஸ்டிரேஸ்’ என்னும் கருவியை, 1991-ஆம் ஆண்டில் பால் கிரானன்பர்க் என்பார் சன் ஓ.எஸ். இயங்குதளத்துக்காக இயற்றினார். பிராங்கோ லான்கெஸ்டர் அதனை லினக்ஸுக்குக் கொணர்ந்தார். 1993-இல் ரிக் ஸ்லாட்கி இரண்டையும் ஒன்றாக்கி வளப்படுத்தினார்.

அக்கருவி செய்வது யாது? லினக்ஸில் கோப்பைத் திறக்கும் அழைப்பின் இரண்டாம் இடத்தில் 577 என்னும் எண் வருகிறது எனக் கொள்வோம். புணர்ந்து நிற்கும் சொல்லைப் பிரிப்பதுபோல், கருவி அதனை 512, 64, 1 எனப் பிரிக்கிறது. 1, எழுதுவதற்குத் திறக்க என்பது; 64, கோப்பு இல்லையேல் உருவாக்குக என்பது; 512, பழைய உள்ளடக்கத்தை நீக்குக என்பது. அதே 577, எழுதும் அழைப்பின் மூன்றாம் இடத்தில் வருமாயின், எழுதவேண்டிய பைட்டுகளின் அளவாகிவிடும். இடமறியாதார்க்கு எண் விளங்காது.

காலமும் அறிதல் வேண்டும். படிக்கும் அழைப்பு தொடங்கும்போது, செய்தியை ஏற்கவேண்டிய நினைவக இடம் இன்னும் நிரம்பவில்லை; அழைப்பு முடிந்த பின்னரே நிரம்பும். ஆதலின் கருவி அதுவரை பொறுத்திருந்தே அச்சிடுகிறது.

அழைப்பு தோற்றால் திரும்பி வருவதும் எண்ணே. லினக்ஸில் கழித்தல் 2 எனில், அப்படியொரு கோப்பு இல்லை. கழித்தல் 13 எனில், அனுமதி இல்லை. தோல்வி ஒன்றுபோல் தோன்றினும், தீர்க்கும் வழி வெவ்வேறன்றோ? இவ்வேறுபாட்டைக் கருவி பெயரிட்டுக் காட்டுவதாலேயே, நிரலர் வீணே தேடி அலையாமல் பிழையைத் திருத்த முடிகிறது.

ஒவ்வோர் எண்ணுக்கும் உரிய பெயரைப் பொறுமையுடன் சேர்த்து வைத்தவர்கள் மனிதர்களே. அப்பொறுமை அன்று எனக்கு இருந்திருக்குமாயின், குறி இடுமுன் காரணத்தைக் கேட்டிருப்பேன்.