தேர் முடிய வாறன்

2025 ஜூன் 23, திங்கட்கிழமை. பின்னேரச் சேர்விஸ் தொடங்க முதல் வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றோம். குசினியில் என்னோடு வேலை செய்கிற தம்பி ஒருவன் போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான்.

"அண்ணை, கட்டார் வான்வெளியை மூடிப்போட்டாங்களாம்."

ஈரான் அன்று கட்டாரில் இருக்கிற அமெரிக்கத் தளத்துக்கு ஏவுகணை அடித்திருந்தது. தம்பி மனிசி பிள்ளையோடு டோகா வழியாகக் கொழும்புக்குப் போக ஜூலை நடுப்பகுதிக்கு ரிக்கற் போட்டு வைத்திருந்தான். பிரெஞ்சு வெளிநாட்டமைச்சின் பக்கத்தைத் திறந்து உலகப் படத்தைக் காட்டினான். பச்சை, மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று நாடுகளுக்கு நிறம் பூசியிருக்கிறார்கள். "போறதோ விடுறதோ அண்ணை? நீங்கள் சொல்லுங்கோ" என்றான்.

சில மணித்தியாலத்தில் வான்வெளியைத் திறந்துவிட்டார்கள். ஆனால் அவன் என்னைக் கேட்ட கேள்வி கடைசி மெத்ரோவில் வீட்டுக்கு வரும்வரைக்கும் கூடவே வந்தது. அந்தக் கேள்வியில் எனக்கு ஒரு பழைய கடன் இருக்கிறது. பத்தொன்பது வருசமாக அதைப்பற்றி ஆட்களுக்கு ஒரு கதை சொல்லி வருகிறேன். அந்தக் கதை முழு உண்மை இல்லை. அதைச் சொல்லுவதென்றால் முதலில் எங்கள் பாதையின் கதையைச் சொல்லவேண்டும்.

என் வயதுக்காரருக்குப் பயணம் என்றால் அது கண்டி வீதி, அதாவது ஏ9. 1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கியதோடு அந்தப் பாதை அடைபட்டது. யாழ்தேவியும் நின்றது. (அது திரும்ப யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது 2014 ஒக்ரோபரில். ஒரு தலைமுறை றெயில் பார்க்காமலே வளர்ந்தது.) அதற்குப் பிறகு சனம் கிளாலிக் கடலால் இரவில் வள்ளத்தில் போனது. கடற்படை அடிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். 1993இல் அந்தக் கடல்நீரேரியில் பயணிகள் கொல்லப்பட்டார்கள். அடுத்த கிழமையே மற்றவர்கள் வள்ளம் ஏறினார்கள். கொழும்பில் ஒப்பரேசனுக்கு நாள் குறித்த ஆளுக்கு, வெளிநாட்டு மாப்பிள்ளை வந்து காத்திருக்கிற பெட்டைக்கு வேறு வழி இல்லை.

1995 கடைசியில் ஆமி யாழ்ப்பாணத்தைப் பிடித்தபிறகு பாதை இல்லை. கப்பலும் பலாலி விமானமும்தான். 1998 செப்ரெம்பர் 29ஆம் திகதி பலாலியிலிருந்து இரத்மலானைக்கு வெளிக்கிட்ட லயன் எயார் விமானம் 55 பேரோடு மன்னார்க் கடலில் காணாமல் போனது. நான் அப்போது யாழ் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தில் முதலாம் வருடம். எங்கள் ஒழுங்கையிலேயே ஒரு வீட்டில் அழுகுரல் கேட்டது. அந்த விமானத்தின் பாகங்கள் கடலடியில் கண்டெடுக்கப்பட்டது 2012இல்.

நான் 2000ஆம் ஆண்டு, ஆனையிறவு விழுந்த பிறகு, படிப்பை இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டு பாஸ் எடுத்து காங்கேசன்துறையில் கப்பல் ஏறினேன். அம்மா வாசலில் நின்று கை காட்டவில்லை. கிணற்றடியில் நின்றா. அடுத்த வருசம் பாரிஸ். அந்த வருச ஜூலை 24 கட்டுநாயக்கா விமான நிலையத்தில் தாக்குதல் நடந்தபோது நான் இங்கே பிளோஞ்சில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். சிறிலங்கன் எயார்லைன்சின் விமானங்களில் பாதி அழிந்தோ சேதமாகியோ போனது. லாச்சப்பலில் ரிக்கற் விற்கிற கடைகளில் சனம் காசைத் திருப்பிக் கேட்டுச் சண்டை பிடித்தது ஞாபகம் இருக்கிறது.

பிறகு 2002 பெப்ரவரி 22 யுத்தநிறுத்தம் வந்தது. ஏப்ரல் 8ஆம் திகதி முகமாலைப் பக்கம் பாதை திறந்தது. அந்தக் கோடை விடுமுறையில் லாச்சப்பலே காலியானது போல இருந்தது. பன்னிரண்டு வருசத்துக்குப் பிறகு கொழும்பில் பஸ் ஏறி யாழ்ப்பாணத்தில் இறங்கலாம். ஓமந்தையில் ஆமி பார்ப்பான், பிறகு இயக்கம் பார்க்கும், முகமாலையில் திரும்ப இயக்கம், திரும்ப ஆமி. போய்வந்தவர்கள் சோளகக் காற்றையும் கிணற்றுத் தண்ணியையும் பற்றிக் கதைத்தார்கள். வன்னிக்குள் தங்கப்போனவர்களில் சிலர் இன்னொன்றையும் குரல் தாழ்த்திச் சொன்னார்கள், பங்களிப்புக் கணக்கு முடிக்கும்வரை பாஸ்போட் கையில் இல்லை என்று. 2006 மார்ச்சில் மனித உரிமைக் கண்காணிப்பகம் அதை அறிக்கையாகவே எழுதியது. அந்த நேரம் அந்த அறிக்கையைத் திட்டினவர்களில் நானும் ஒருவன்.

நான் போகவில்லை. போக முடியாது. 2003இல் எனக்கு அகதி அந்தஸ்து கிடைத்தது. கையில் தந்த பயணப் புத்தகத்தில் எல்லா நாட்டுக்கும் போகலாம், சிறிலங்காவைத் தவிர என்று எழுதியிருக்கும். அதில் அநியாயம் ஒன்றும் இல்லை. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையின்படி, விட்டு ஓடிவந்த நாட்டின் பாதுகாப்பைத் தானாகத் திரும்ப ஏற்றுக்கொள்கிறவன் அகதி இல்லை. எழுத்தில் சரிதான். அம்மாவைப் பார்க்கப் போகிறதும் நாட்டின் பாதுகாப்பைக் கேட்கிறதும் ஒன்றா என்று கேட்டால் எந்த விதானைக்கும் பதில் தெரியாது.

அதனால் எங்களுக்கு மூன்றாவது நாடு ஒன்று தேவைப்பட்டது. உங்களில் கனபேருக்கு இது தெரியும். திருச்சியும் சென்னையும் எங்களுக்கு அதற்காகத்தான். தாய் கொழும்புக்கு வந்து, விசா எடுத்து, திருச்சிக்கு வருவா. பிள்ளை பாரிசிலோ சூரிச்சிலோ இருந்து வருவான். ஒரு வீட்டை ஒரு மாதம் வாடகைக்கு எடுத்துச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு அழுதுகொண்டு பிரிவார்கள். எத்தனை கலியாணம் அந்த ஊரில் நடந்தது!

எனக்கு இந்திய விசா கிடைக்க ஏழு கிழமை எடுத்தது. 2006 ஜூன் கடைசியில் கையில் வந்தது.

இனி அந்த வருசத்தைப் பார்ப்போம். ஜனவரி 2 திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள். ஏப்ரல் 25 கொழும்பில் இராணுவத் தலைமையகத்துக்குள் தற்கொலைத் தாக்குதல், அதே நாளே திருகோணமலைப் பக்கம் விமானக் குண்டு. மே 13 அல்லைப்பிட்டி. மே 29 ஐரோப்பிய ஒன்றியத் தடை. ஜூன் 15 கெப்பிட்டிகொல்லாவையில் பஸ், அறுபதுக்கு மேல் சாதாரண சிங்களச் சனம். ஜூலையில் மாவிலாறு. இப்படி ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதினால் படிக்கட்டு மாதிரித் தெரிகிறது. எந்தக் குருடனுக்கும் அடுத்த படி எங்கே என்று தெரிந்திருக்க வேண்டும் போல. அப்போது அப்படித் தெரியவில்லை. ஒவ்வொன்றும் தனித்தனிச் செய்தியாக வந்தது, இரண்டு கிழமை கதைத்தோம், பிறகு பஸ் ஓடியது. பெப்ரவரியில் ஜெனிவாவில் பேசினார்கள்தானே, திரும்பவும் பேசுவார்கள் என்று நினைத்தோம். யுத்தநிறுத்த உடன்படிக்கை காகிதத்தில் உயிரோடு இருந்தது. அதிலிருந்து அரசாங்கம் விலகியது 2008 ஜனவரியில். அதாவது, நான் சொல்லப்போகிற எல்லாம் நடந்தது சட்டப்படி சமாதான காலத்தில்.

எங்களோடு வேலை செய்த ஒரு அண்ணை பிரெஞ்சுப் பாஸ்போட்காரர். ஜூலை நடுவில் இரண்டு பிள்ளைகளோடு நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிக்கிட்டார். "போகாதேங்கோ" என்று ஒருத்தரும் சொல்லவில்லை. கருப்பட்டி கொண்டுவரச் சொன்னோம்.

ஜூலை 30, ஞாயிற்றுக்கிழமை. நல்லூர்க் கொடியேற்றத்துக்குப் போய்வந்து அம்மா கதைத்தா. ரெலிபோன் கார்ட்டில் இருபது நிமிசம் மிச்சம்.

நான் ஆட்களுக்குச் சொல்லிவந்த கதை இதுதான்: "அம்மாவை உடனே கொழும்புக்கு வரச் சொன்னனான். மனிசி கேக்கேல்லை. நல்லூர்த் தேர் முடிய வாறன் எண்டு நிண்டிட்டா." கேட்கிறவர்கள் தலையாட்டுவார்கள். ஊர் மனிசியள் அப்படித்தானே.

நடந்தது வேறு. அம்மாதான் கேட்டா:

"தம்பி, சனம் ஒரு மாதிரிக் கதைக்குது. நான் இப்பவே மாமாவோட வெளிக்கிட்டு வரட்டோ?"

எனக்கு லீவு செப்ரெம்பர் 4ஆம் திகதியில் இருந்துதான். ஓகஸ்ற்றில் பாரிஸ்காரர் கடற்கரைக்குப் போனால் உல்லாசப் பயணிகளுக்குச் சமைக்க நாங்கள் நிற்கவேண்டும். பிள்ளைகுட்டி உள்ளவர்களுக்கு முதலிடம், தனியாளுக்குப் பிறகு. அம்மா இப்பவே வந்தால் வெள்ளவத்தையில் ஒரு மாதத்துக்கு மேல் லொட்ஜ் வாடகை, சாப்பாடு, மாமாவின் செலவு. முதலாளியிடம் போய் லீவை மாற்றிக் கேட்க எனக்குப் பயம். கேட்டால் வேலை போகும் என்று கூட இல்லை. கேட்கிறதே பயம்.

"அவசரப்படாதேங்கோ அம்மா. தேரும் பார்த்துப்போட்டு ஆறுதலாய் வாங்கோ" என்றேன். தேர் ஓகஸ்ற் 22.

ஓகஸ்ற் 11 பின்னேரம் முகமாலையில் சண்டை தொடங்கியது. ஏ9 மூடியது. பலாலிக்கும் செல் விழுந்தது, விமானமும் இல்லை. ஊரடங்கு. மூன்று நாள் கழித்து வள்ளிபுனத்தில் செஞ்சோலை வளாகத்தில் குண்டு விழுந்தது. குடாநாட்டுக்குள் கிட்டத்தட்ட ஆறு லட்சம் சனம் அகப்பட்டது. எனக்கு ஒன்பது நாள் அம்மாவின் குரல் கேட்கவில்லை. பத்தாம் நாள் லைன் கிடைத்தபோது சீனிக்கும் பால்மாவுக்கும் வரிசை நிற்கிறதைப் பற்றித்தான் கதைத்தா. பயணத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.

கருப்பட்டி கொண்டுவரப் போன அண்ணையும் உள்ளே. ஓகஸ்ற் கடைசியில் செஞ்சிலுவைச் சங்கக் கொடியோடு கப்பல் வந்து வெளிநாட்டுப் பாஸ்போட்காரரை ஏற்றிப்போனது. அவரும் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். கூட இருந்த தாய் தகப்பனுக்கு அந்தக் கப்பலில் இடம் இல்லை. "ஒரே பானையில சாப்பிட்ட ஆக்களைப் புத்தகத்தைப் பார்த்துப் பிரிச்சாங்கள்" என்று குசினியில் நின்று சொன்னார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பயணத்தைப் பற்றிக் கதைத்ததில்லை.

ஒக்ரோபர் கடைசியில் ஜெனிவாவில் திரும்பப் பேசினார்கள். அந்தப் பேச்சு முறிந்ததே ஏ9ஐத் திறக்கிறதா இல்லையா என்பதில்தான். கடலால் போகலாம் என்றது அரசாங்கம். பாதையைத் திற என்றது இயக்கம். இரண்டு பக்கமும் எங்கள் அம்மாக்களின் பெயரைச் சொல்லித்தான் பேசினார்கள்.

அம்மா ஆமியிடம் பயண அனுமதிக்கு விண்ணப்பித்தா. கப்பலுக்குப் பெயர் பதிந்து மாதக்கணக்கில் காத்திருப்பு. என் விசா காலாவதியானது. 2007இல் அனுமதி கிடைக்கும்போல இருந்த நேரத்தில், ஜூன் 7 விடியப்புறம், கொழும்பு லொட்ஜுகளில் இருந்த தமிழரைப் பொலிஸ் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பியது. 370 பேருக்கு மேல். அடுத்த நாளே உயர்நீதிமன்றம் தடை உத்தரவு போட்டது, பலரைத் திரும்பவும் கொண்டுவந்தார்கள். ஆனால் அம்மாவுக்கு அது போதும். "லொட்ஜில இருந்து என்னை இழுத்துக்கொண்டு போனால் உனக்குத்தானே மோனை அவமானம்" என்றா. அதன்பிறகு நானும் கேட்கவில்லை. 2009 மே வரைக்கும் அடிக்கடி கதைத்தோம், எல்லாம் சாப்பாட்டைப் பற்றியும் மழையைப் பற்றியும்தான். ரெலிபோனில் யார் கேட்கிறார்களோ என்ற பயம் இரண்டு பக்கமும்.

2010 சித்திரையில் திருச்சியில் சந்தித்தோம். பாதை அப்போது திறந்திருந்தது. கே.கே. நகரில் ஒரு மேல்மாடி வீடு. பத்து வருசம். விமான நிலையத்தில் அம்மா என்னைக் கடந்து போய் எனக்குப் பின்னால் நின்ற பெடியனைப் பார்த்தா. கண்ணில் பூ விழுந்திருந்தது. அதைப்பற்றி ரெலிபோனில் சொன்னதே இல்லை.

மூன்றாவது நாளோ நாலாவது நாளோ, புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தா. நான் தொடங்கினேன், அந்தக் கொடியேற்ற நாளைப்பற்றி. எனக்கு வசனம் முடியவில்லை.

"உனக்கு லீவில்லை எண்டு எனக்கு அண்டைக்கே விளங்கினதடா" என்றா. "அதுதான் மாமாவுக்கும், எல்லாருக்கும், தேர் பாக்கவேணும், அதுக்குப் பிறகுதான் போவன் எண்டு சொன்னனான்."

அப்போதுதான் தெரிந்தது, நான் இங்கே சொன்ன பொய்யை அம்மாவும் அங்கே நாலு வருசமாகச் சொல்லிக்கொண்டிருந்தா என்று. அதற்குமேல் கதைக்கவில்லை. புட்டு அவிந்தது.

2013இல் எனக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை வந்தது. அடுத்த வருச ஒக்ரோபரில் ஊருக்கு வெளிக்கிட நினைத்தபோது வெளிநாட்டுப் பாஸ்போட்காரர் வடக்குக்குப் போகப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும் என்று திரும்பவும் சட்டம் கொண்டுவந்தார்கள். 2015 ஜனவரியில் ஆட்சி மாறி அதை எடுத்த பிறகுதான் போனேன். அம்மா 2017இல் போய்விட்டா. அதற்கும் நான் நேரத்துக்குப் போய்ச்சேரவில்லை. அதற்கு அரசியல் காரணம் ஒன்றும் இல்லை, காட்டுப் பெருமூச்சு வந்து ஒரே இரவில் முடிந்தது.

இதில் பாதியைத்தான் தம்பிக்கு அடுத்த நாள் வெங்காயம் வெட்டும்போது சொன்னேன். அவன் போனான். டோகாவில் மூன்று மணித்தியாலம் நின்றானாம், எல்லாம் வழமை போல. ஜூலை 29 நல்லூர்க் கொடியேற்றத்தில் நின்று படம் அனுப்பினான், மகள் தோளில். கீழே எழுதியிருந்தான்: "தேருக்கு நிக்க லீவு காணாது அண்ணை."