ஒரே கடைக்கு எல்லாரும் போனால்…



ஊரில் நிவாரண அரிசிக்குச் சங்கக்கடை வாசலில் வரிசையில் நின்ற எங்களுக்கு இந்த வரலாறு லேசாக விளங்கும். கடை ஒன்று, சனம் ஆயிரம். நெரிசல் வராமல் என்ன செய்யும்?

தொடக்க கால இணையமும் அப்படித்தான். ஒரு தளம் அமெரிக்காவில் ஒரு கணனியில் இருந்தால் உலகமே அங்கேதான் போகவேணும். கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீற்றர் ஓடும். என்றாலும் ஒரு பக்கம் திறக்கத் தகவல் பலமுறை போய்வர வேணும். தூரம் கூடினால் தாமதமும் கூடும். எல்லாரும் ஒன்றாக வந்தால் கணனியே படுத்துவிடும்.

இந்த நெரிசலுக்கு வழி தேடும்படி 1995 இல் மசாச்சுசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கேட்டவர், வலையை உருவாக்கிய ரிம் பேர்னேர்ஸ் லீ. கணிதப் பேராசிரியர் ரொம் லெயிற்றனும் அவருடைய மாணவர் டானியல் லூவினும் அதில் இறங்கினார்கள்.

அவர்களின் வழி, ஊருக்கு ஊர் கிளைக்கடை. பக்கங்களின் பிரதிகளைப் பல இடக் கணனிகளில் வைப்பது. கேட்பவரைக் கிட்டடிக் கணனிக்கு அனுப்புவது. ஆனால் எந்தப் பிரதி எங்கே இருக்கும்? ஒரு கணனி பழுதானால் எல்லாவற்றையும் மாற்றி அடுக்குவதா? இல்லை, அதிலிருந்ததை மட்டும் மற்றவற்றுக்குப் பங்கிட்டால் போதும் என்ற கணக்குமுறையை 1997 இல் சக ஆய்வாளர்களோடு வெளியிட்டார்கள். 1998 இல் அகமாய் என்ற கொம்பனி பிறந்தது. ஹவாய் மொழியில் அதற்குக் 'கெட்டித்தனம்' என்று பொருள். 1999 இல் யாகூ அதன் வாடிக்கையாளரானது.

2001 செப்ரெம்பர் 11. பொஸ்டனிலிருந்து புறப்பட்ட அமெரிக்கன் எயார்லைன்ஸ் 11 ஆம் இலக்க விமானத்தில் லூவின் இருந்தார். கடத்தப்பட்ட அந்த விமானம் நியூயோர்க் கோபுரத்தில் மோதியது. அவருக்கு வயது 31. என்னிலும் இளையவர்.

அன்று உலகமே செய்தித் தளங்களுக்கு ஓடியது. பல தளங்கள் திணறின. தங்கள் ஆளைப் பறிகொடுத்த அகமாய் ஊழியர்கள் அழுதுகொண்டு வீட்டுக்குப் போகவில்லை. செய்தி சனத்துக்குப் போய்ச்சேர வேணும் என்று வேலையில் நின்றார்கள்.

2009 இல் ஊர்ச் செய்திக்காக விடிய விடியக் கணனிக்கு முன்னால் இருந்தவர்கள் எங்களில் பலர். ஒரு பக்கம் திறக்கிற அந்த ஒரு நிமிடம் எவ்வளவு நீளம் என்று எங்களுக்குத் தெரியும். அந்த நிமிடத்தைக் குறைக்க உழைத்த மனிதரையும் இப்புத்தாண்டில் நினைத்துக்கொள்வோம்.