அவரைப்பூண்டு: மிளகு விளையாத நாட்டின் காரம்

ஜெர்மனியின் வடகோடியில், ஹாம்பர்க் நகரிலும் அதற்கு வடக்கேயுள்ள ஷ்லேஸ்விக்-ஹோல்ஷ்டைன் பகுதியிலும், ஆகஸ்ட் மாதக் கடைசியில் ஒரு விசித்திரமான பதார்த்தம் அடுப்பேறும். பேரிக்காய், பீன்ஸ், புகையூட்டிய பன்றியிறைச்சி, இம்மூன்றும் ஒரே பானையில். பேரிக்காய் என்றதும் கடித்தால் சாறு வழியும் பழத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். சமையலுக்கென்றே வளர்க்கப்படும் சிறிய, கெட்டியான காய் அது. காம்போடு முழுசாகப் பானையில் போடுவார்கள். இனிப்பும் உப்பும் கொழுப்பும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் இந்தக் கூட்டணியைச் சேர்த்துக் கட்டுவது நான்காவதாக ஒரு பொருள். நூலால் கட்டிய ஒரு சிறு தழைக்கொத்து. வெந்தபின் அதை எடுத்து எறிந்துவிடுவார்கள். தட்டுக்கு அது வருவதேயில்லை.

ஜெர்மானியர் இதனைப் 'போனன்கிரௌட்' என்கின்றனர். 'போனெ' என்றால் அவரை, பீன்ஸ் வகை. 'கிரௌட்' என்றால் தழைச்செடி. 'புல்பூண்டு' என்னும்போது நாம் கொள்கிற பழைய பொருளில் பூண்டு என்ற சொல்லை எடுத்துக்கொண்டால், இதை 'அவரைப்பூண்டு' என்று அழைக்கலாம். வெள்ளைப்பூண்டுக்கும் இதற்கும் உறவில்லை. தாவரவியலார் தரும் பெயர் சாட்டுரேயா ஹோர்ட்டென்சிஸ். துளசியும் புதினாவும் பிறந்த அதே குடும்பம். முப்பது, நாற்பது சென்டிமீட்டர் உயரத்தில், ஒல்லியான இலைகளும் வெளிறிய ஊதாப் பூக்களுமாக நிற்கும் ஓராண்டுச் செடி. இதன் வாசனைக்கு முதற்காரணம் கார்வக்ரோல் என்னும் எண்ணெய்ப்பொருள். நம் வீட்டுக் கொல்லையில் சளிக்கென்று வளர்க்கும் கற்பூரவள்ளியிலும் அதே கார்வக்ரோல்தான் மணக்கிறது. ஆகவே, கற்பூரவள்ளி இலையைக் கசக்கி முகர்ந்து, அதன்மேல் சிறிது மிளகுக் காரத்தைக் கற்பனை செய்துகொண்டால் ஏறக்குறைய அவரைப்பூண்டின் அருகே போய்விடலாம்.

பயிரிடுவது எளிது, இரண்டு நிபந்தனைகளோடு. முதலாவது, காலம். மே 11 முதல் 15 வரையிலான ஐந்து நாட்களை ஜெர்மானியத் தோட்டக்காரர்கள் 'பனிப் புனிதர்கள்' என்பர். மாமெர்ட்டுஸ், பன்கிராட்டியுஸ், செர்வாட்டியுஸ், போனிஃபாட்டியுஸ் என நான்கு புனிதர்களின் நாட்களும், 'குளிர் சோஃபி' எனப்படும் கடைசி நாளும். வசந்தம் வந்துவிட்டது என்று ஏமாந்தவன் நாற்றுகளை ஓரிரவில் கருக்கிவிடும் பின்பனி இந்நாட்களில் வரக்கூடும் என்பது பரம்பரை எச்சரிக்கை. சோஃபி போனபின்தான் திறந்த வெளியில் விதைப்பு. இரண்டாவது, விதையை மண்ணால் மூடக்கூடாது. ஒளி பட்டால்தான் அது முளைக்கும். ஈரமண்ணின்மேல் தூவி, உள்ளங்கையால் மெல்ல அழுத்திவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். எருவும் நீரும் அதிகம் வேண்டாத செடி. வெயில் மட்டும் வேண்டும். பீன்ஸ் பாத்தியின் வரிசைகளுக்கிடையே இதை விதைப்பது பழவழக்கம். பீன்ஸில் அப்பும் கரும் அசுவினியை இது விலக்கும் என்பது தோட்டக்காரர்களின் நம்பிக்கை. உண்மை எவ்வளவோ, பீன்ஸ் பறிக்கப் போகும் பெண் அதே பாத்தியிலிருந்து ஒரு கொத்தையும் கிள்ளிக்கொண்டு திரும்பலாம் என்பது நிச்சயமான லாபம். பூக்கத் தொடங்குகையில் மணம் உச்சத்திலிருக்கும். அப்போது அறுத்து, கட்டுகளாக்கி, நிழலில் தலைகீழாகத் தொங்கவிட்டால் குளிர்காலம் முழுதும் வரும். காய்ந்தால் மணம் இழக்கும் தழைகள் நடுவே இது ஒரு விதிவிலக்கு. மலையில் வளரும் இதன் பல்லாண்டுத் தம்பி ஒருவன் உண்டு. அவன் காரம் கூடியவன், நளினம் குறைந்தவன்.

கொத்தமல்லியைப் போலக் கடைசியில் தூவும் தழையன்று இது. ஆரம்பத்திலேயே பானைக்குள் போகவேண்டும், நெடுநேரம் கொதிக்கவேண்டும். ரைன்லாந்திலும் வெஸ்ட்ஃபாலியாவிலும் மொச்சையை ஒத்த பெரிய அவரையைப் பன்றியிறைச்சியோடு சமைக்கையில் இதுவே துணை. வாயுவைத் தணிக்கும், செரிமானத்தைத் தூண்டும் என்பது பாட்டிகளின் காரணம். பருப்பில் பெருங்காயத்தை மறந்தவளைப் பார்த்து நம் பாட்டிகள் சொன்னதும் இதுவேதான். பீன்ஸ் விஷயத்தில் மட்டும் பூண்டை நம்பி வேகும் நேரத்தைக் குறைத்துவிடக் கூடாது. பச்சை பீன்ஸில் ஃபாசின் என்ற நஞ்சுப்புரதம் இருக்கிறது. நன்றாகக் கொதித்தால் அது அழியும், பூண்டால் அழியாது.

இனி வரலாற்றுக்கு வருவோம். இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது.

இன்று இந்தப் பூண்டின் பெயரைக் கேட்டதும் ஒரு ஜெர்மானியருக்கு நினைவில் வருவது பச்சை பீன்ஸ். ஆனால் அந்த பீன்ஸ் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். கொலம்பஸுக்குப் பிறகே ஐரோப்பாவுக்கு வந்தது. ட்யூபிங்கன் மருத்துவர் லியோன்ஹார்ட் ஃபுக்ஸ் 1542இல் பாசல் நகரில் வெளியிட்ட புகழ்பெற்ற மூலிகை நூலில் அதன் படம் காணக்கிடைக்கிறது. அவர் அதற்குத் தந்த ஜெர்மன் பெயரின் பொருள் 'அயலார் அவரை' என்பது. பூண்டோ அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே ஜெர்மானியப் பாத்திகளில் இருந்தது. அப்போது அது துணைநின்றது ஃபாபா எனும் பழைய பெரிய அவரைக்கு. புதியவன் வந்ததும் பழைய அவரை மெல்ல மெல்ல ஒதுங்கிக் கால்நடைத் தீவனமாகவும் ஏழையின் உணவாகவும் சுருங்கிற்று. பூண்டு மட்டும் இடம்பெயரவில்லை. எசமானர் மாறியதைக் கண்டுகொள்ளாத சமையற்காரரைப் போலப் புதிய அவரைக்கும் அதே ஊழியத்தைத் தொடர்ந்தது. நம் சமையலில் மிளகாய் வந்து மிளகை ஓரங்கட்டிய கதையை அறிந்தவர்களுக்கு இந்த அமைதியான மாற்றம் சற்று ஆச்சரியமூட்டும்.

பூண்டின் தாயகம் கிழக்கு மத்தியதரைக் கடற்பகுதி. ரோமானியர் இதனை விரும்பியுண்டனர். கொலுமெல்லா தேனீக்களுக்கு உகந்த செடிகளில் ஒன்றாக இதைச் சொல்கிறார். தழைகளையும் பாலாடைக்கட்டியையும் உரலிலிட்டு இடிக்கும் ஒரு துவையலுக்கும் இதைச் சேர்க்கச் சொல்கிறார். ஓவிட், காமத்தைத் தூண்டுமென்று இதைப் பரிந்துரைப்போரைக் குறிப்பிட்டு, தம் கருத்தில் அது நஞ்சே என்று ஒதுக்கிவிடுகிறார். சாட்டுரேயா என்ற பெயர், காமவெறி பிடித்த ஆட்டுக்கால் தேவர்களான சாட்டிர்களிடமிருந்து வந்தது என்றொரு வியாக்கியானமும் உண்டு. கேட்கச் சுவையானது, மொழியியலாரிடம் எடுபடாதது. இதே காரணத்தால் கிறித்தவ மடங்களில் இச்செடி தடைசெய்யப்பட்டிருந்தது என்று இன்றைய மூலிகைப் புத்தகங்கள் சில எழுதுகின்றன. இந்தக் கதையை நாம் நம்பவில்லை. எதிர்ச்சான்று தோல்சுவடியிலேயே இருக்கிறது.

சுவிட்சர்லாந்தின் சாங்க்ட் காலன் மடத்து நூலகத்தில் ஒரு வரைபடம் இருக்கிறது. ஐந்து தோல்துண்டுகளைத் தைத்து இணைத்து, 820களை ஒட்டி, போடன் ஏரியிலுள்ள ரைஷெனாவ் தீவு மடத்தில் வரையப்பட்டது. கோஸ்பெர்ட் என்னும் மடாதிபதிக்கு அனுப்பப்பட்ட ஒரு முழுமடத்தின் திட்டம். தேவாலயம், மதுபானம் வடிக்கும் கூடம், கோழிக்கூண்டு, கழிப்பறை வரை எல்லாம் அதில் உண்டு. பின்னாளில், பன்னிரண்டாம் நூற்றாண்டில், யாரோ ஒரு துறவி அதன் வெற்றுப் பின்புறத்தைக் கண்டு, புனித மார்ட்டினின் வாழ்க்கையை அதில் எழுதிவைத்தார். தோலை வீணாக்கக் கூடாது என்ற அந்தச் சிக்கனமே வரைபடத்தைக் காப்பாற்றியது எனலாம். அதில் காய்கறித் தோட்டத்துக்குப் பதினெட்டுப் பாத்திகள். மருத்துவர் இல்லத்தையொட்டிய மூலிகைத் தோட்டத்துக்குப் பதினாறு. ஒவ்வொன்றிலும் செடியின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. நம் பூண்டு இரண்டு தோட்டங்களிலும் இடம்பெறுகிறது, வெங்காயத்தோடும் இருக்கிறது, ரோஜாவோடும் இருக்கிறது. உணவா மருந்தா என்று அவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை. தடைசெய்யப்பட்ட செடிக்கு இரண்டு பாத்தி ஒதுக்கும் மடம் எங்கேனும் உண்டா?

அதற்குச் சற்று முன்னதாக, ஏறத்தாழ 800ஆம் ஆண்டையொட்டி, பேரரசர் சார்லிமேனின் பண்ணைகளுக்கான ஆணை ஒன்று பிறந்தது. எழுபதாவது பிரிவில், தோட்டங்களில் இருக்கவேண்டியவை என்று எழுபத்துமூன்று செடிகளும் பதினாறு மரங்களும் பட்டியலிடப்படுகின்றன. அதிலும் நம் பூண்டு உண்டு. பட்டியலில் 'ஃபாசியோலும்' என்றொரு பயறும் வருகிறது. அமெரிக்க பீன்ஸ் அப்போது கிடையாதாகையால், அது நம் தட்டைப்பயறின் இனமே என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகின்றனர். ஃப்ராங்கியப் பேரரசின் கொல்லையில் நம்மூர்க் காராமணியின் உறவினர்! இந்த ஆணையின் ஒரே பழம்பிரதி இன்று வோல்ஃபன்பியூட்டல் நூலகத்தில் உள்ளது.

பூண்டுக்கு இன்னொரு பெயரும் உண்டு: 'ஃபெஃபர்கிரௌட்', அதாவது மிளகுப்பூண்டு. இந்தப் பெயரின் வழியே நம் கடற்கரையும் இக்கதைக்குள் வந்துவிடுகிறது. யவனர் மரக்கலங்கள் பொன்னைக் கொண்டுவந்து மிளகை ஏற்றிச் செல்லும் முசிறியை அகநானூற்றின் 149ஆம் பாடல் காட்டுகிறது. அப்படிப் போன மிளகு எங்கே போயிற்று? ஒரு சிறு பங்கு லிப்பெ ஆற்றங்கரையில், ஓபராடனில், கி.மு. 11ஐ ஒட்டி ரோமானியப் படை அமைத்த பாசறைவரை போயிருக்கிறது. அகழாய்வில் மிளகுமணிகள் கிடைத்தன. கி.பி. 408இல் ரோமை முற்றுகையிட்ட அலாரிக்குக்குக் கொடுக்கப்பட்ட மீட்புப் பொருள்களில் மூவாயிரம் பவுண்டு மிளகும் அடக்கம். இடைக்கால ஜெர்மனியில் பணக்கார வணிகனைக் கேலிசெய்யும் சொல் 'மிளகுமூட்டை' என்பது. அந்த மூட்டையை விலைக்கு வாங்கமுடியாத குடியானவர்களுக்குக் கொல்லையில் இலவசமாக வளர்ந்த காரம் இப்பூண்டு. முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் கடற்படை ஜெர்மனியை முற்றுகையிட்டபோது பதிலிப் பொருள்களின் காலம் தொடங்கியது. காப்பிக்கு மாற்று, மாவுக்கு மாற்று, மிளகுக்கும் மாற்று.

பதிலி தேடுவது பசியின் வேலையாக இருந்தவரை அதில் குற்றமில்லை. அதையே ஒரு கொள்கையாக்கியபோது என்ன ஆயிற்று என்பதற்கு டாஹவ் சாட்சி.

மியூனிக் நகரருகே 1933இல் திறக்கப்பட்ட டாஹவ் வதைமுகாமின் எதிரே, 1938இல் ஒரு மூலிகைப் பண்ணையை எஸ்.எஸ். படை தொடங்கியது. அயல்நாட்டு மருந்துகளையும் மசாலாப் பொருள்களையும் சாராமல் ஜெர்மன் மண்ணின் தழைகளாலேயே வாழவேண்டும் என்பது ஹிம்லரின் ஆசை. சதுப்பு நிலத்தைக் கைதிகள் வெறுங்கையோடு வடித்துத் திருத்தினர். பலர் அந்தச் சேற்றிலேயே மாண்டனர். அங்கே மூலிகைகள் உலர்த்தி அரைக்கப்பட்டன. மிளகுக்கு மாற்றான கலவை தயாராயிற்று. கிளாடியோலஸ் இலைகளிலிருந்து வைட்டமின் சி எடுக்கப்பட்டது. செயற்கை உரம் தவிர்த்த இயற்கை வேளாண்மை அங்கே கண்டிப்பாகக் கடைப்பிடிக்கப்பட்டது என்பதைப் படிக்கும்போது நமக்கு உடல் கூசுகிறது. மண்ணைப் புண்படுத்தாத அந்த அக்கறை, மண்ணைக் கொத்தியவன்மீது ஒரு துளியும் இல்லை. மடத்துத் தோட்டங்களில் துறவிகள் வளர்த்த அதே தழை மரபை இங்கே பாதிரியார்கள் சுமந்தனர், இம்முறை அடிமைகளாக. டாஹவில் அடைக்கப்பட்டிருந்த போலந்துக் குருமார் பலர் அந்தப் பண்ணையில் வேலை வாங்கப்பட்டனர்.

பண்ணைக்கு ஒரு விற்பனைக் கூடம் இருந்தது. ஊர்மக்கள் வந்து பூவும் நாற்றும் வாங்கிச் செல்லலாம். 1944 மே மாதம் ஃப்ரைசிங் ஊரிலிருந்து யோசெஃபா மாக் என்ற இருபது வயதுப் பெண் பூ வாங்க வந்தாள். கன்னியர் மடத்தில் சேரக் காத்திருந்தவள். கல்லாவில் நின்ற கைதி ஒரு பாதிரியார் என்றறிந்தாள். அதன்பின் போர் முடியும்வரை திரும்பத்திரும்ப வந்தாள். திருவப்பம், திருப்பலிக்கான திராட்சை மது, கடிதங்கள், மருந்து, ரொட்டி என்று உள்ளே கொண்டுபோனாள். உள்ளிருந்த கடிதங்களை வெளியே கொண்டுவந்தாள். கைதியாயிருந்த கார்ல் லைஸ்னர் என்ற காசநோயாளித் திருத்தொண்டருக்குக் குருப்பட்டம் வழங்க வேண்டிய அனுமதியும் தைலங்களும் அவள் கைவழியே முகாமுக்குள் சென்றன. 1944 டிசம்பர் 17 அன்று, சக கைதியான ஃபிரெஞ்சு ஆயர் காப்ரியேல் பிகே இரகசியமாக அவருக்குப் பட்டமளித்தார். விடுதலைக்குப் பின் சில மாதங்களில், 1945 ஆகஸ்டில், லைஸ்னர் இறந்தார். அந்தப் பெண் இம்மா என்ற துறவறப் பெயரோடு கன்னியராக வாழ்ந்து, அசேலியாப் பூக்களைத் தலைப்பில் கொண்ட ஒரு நினைவுநூலை எழுதி, 2006இல் மறைந்தார்.

பண்ணையின் நிலத்தில் பெரும்பகுதி பின்னாளில் தொழிற்பேட்டையாயிற்று. சில கட்டடங்களும், கண்ணாடி உடைந்த பசுமைக்குடில்களும் எஞ்சின.