சந்திப்புப் புள்ளி வடிகட்டல்

ஒரே தரவை ஒரு குழுவிலுள்ள எல்லாப் பெறுநர்களுக்கும் ஒருசேர அனுப்பும் மல்டிகாஸ்ட் வலையமைப்பில் எந்தக் கணினி எந்தக் குழுவுக்குத் தரவு அனுப்பலாம், எந்த ரவுட்டர் அனுப்புநரையும் பெறுநரையும் இணைக்கும் சந்திப்புப் புள்ளியாக இருக்கலாம் என்பதை ரவுட்டர்களில் விதிகளாக எழுதிவைப்பதே சந்திப்புப் புள்ளி வடிகட்டல். பிம் ஸ்பார்ஸ் மோடு நெறிமுறையில் இயங்கும் வலையமைப்புகளுக்கு உரியது இது. சந்திப்புப் புள்ளியைப் பொறியாளர்கள் சுருக்கமாக ‘ஆர்பி’ என்பார்கள்.

மல்டிகாஸ்ட் குழுக்களுக்கு 224.0.0.0 முதல் 239.255.255.255 வரையுள்ள முகவரிகள் ஒதுக்கப்பட்டுள்ளன. ஸ்டீவ் டீரிங் 1989இல் எழுதிய ஆர்எஃப்சி 1112 ஆவணத்தின்படி, ஒரு குழுவுக்குத் தரவு அனுப்ப அதில் உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை, யாரும் அனுப்பலாம். மல்டிகாஸ்டின் எளிமை இந்தத் தாராளத்தில்தான் இருக்கிறது. அதன் ஆபத்தும் அங்கேயே இருக்கிறது.

அனுப்புநருக்கு அருகிலுள்ள ரவுட்டர், வரும் பாக்கெட்டை ரெஜிஸ்டர் செய்திக்குள் பொதிந்து ஆர்பிக்கு அனுப்பும். பெறுநர் பக்கத்து ரவுட்டர்கள் ஆர்பியை நோக்கி ஜாயின் செய்தி அனுப்பும். இரு தரப்பும் ஒன்றையொன்று அறியாத நிலையில், இருவரையும் அறிந்த இடம் ஆர்பி ஒன்றே. காவல் போடுவதற்கும் அதுவே பொருத்தமான இடம்.

காவல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2001 ஜனவரியில் ராமென் என்ற புழுநிரல் காட்டியது. ரெட்ஹாட் லினக்ஸ் கணினிகளில் பரவிய அது, அடுத்த இரையைத் தேடக் கண்மூடித்தனமாக முகவரிகளைப் பொறுக்கியது. அவற்றில் மல்டிகாஸ்ட் முகவரிகளும் இருந்தன. அப்படிப் போன ஒவ்வொரு பாக்கெட்டும் ஒரு புதிய அனுப்புநராகப் பதிவாகி, எம்எஸ்டிபி நெறிமுறை வழியே மற்ற வலையமைப்புகளின் ஆர்பிகளுக்கும் அறிவிப்பாகப் பெருக்கெடுத்தது. ரவுட்டர்களின் நினைவகமும் செயலியும் திணறின.

சிஸ்கோ ரவுட்டர்களில் ‘ஐபி பிம் அக்செப்ட்-ரெஜிஸ்டர்’ கட்டளை ஆர்பியில் இடப்படுகிறது. அதனுடன் இணைக்கும் அணுகல் பட்டியலில், மூல முகவரி இருக்குமிடத்தில் அனுப்புநரையும் சேருமிட முகவரி இருக்குமிடத்தில் குழுவையும் எழுத வேண்டும். பட்டியல் மேலிருந்து கீழாக வாசிக்கப்படும். முதலில் பொருந்தும் வரியே செல்லும். எதிலும் பொருந்தாதது மறுக்கப்படும். மறுக்கப்பட்டால் ஆர்பி, ரெஜிஸ்டர்-ஸ்டாப் செய்தியைத் திருப்பி அனுப்பும். ஜூனிப்பர் ரவுட்டர்களில் ஆர்பியில் மட்டுமல்லாமல், அனுப்புநர் பக்கத்து ரவுட்டரிலும் ரெஜிஸ்டர் வடிகட்டியை வைக்கலாம்.

ஆர்பியில் வைத்த வடிகட்டியை மட்டும் நம்பியிருப்பது தவறு. ஒரு பெறுநரிடமிருந்து ஆர்பிக்குச் செல்லும் பாதை, அனுப்புநரின் முதல் ரவுட்டர் வழியாகவே அமைந்திருந்தால், தரவு ஆர்பியைத் தொடாமலே அந்தப் பெறுநரை எட்டிவிடும். அனுப்புநரின் இடைமுகத்திலேயே தடுப்பதுதான் உறுதியான காப்பு.

போலி ஆர்பியைத் தடுப்பது வேறு வேலை. எது ஆர்பி என்பதை ரவுட்டர்களுக்குத் தானாகத் தெரிவிக்கும் ஆட்டோ-ஆர்பி முறையில் 224.0.1.39 முகவரிக்கு வரும் ஆர்பி அறிவிப்புகளை மேப்பிங் ஏஜென்ட் ரவுட்டர்கள் வடிகட்ட வேண்டும். அத்தகைய எல்லா ரவுட்டர்களிலும் ஒரே விதி இருக்க வேண்டும். அதே வேலையைச் செய்யும் பூட்ஸ்ட்ராப் முறையில், வலையமைப்பின் எல்லை இடைமுகங்களில் பூட்ஸ்ட்ராப் செய்திகள் நிறுத்தப்படுகின்றன. ஸ்பார்ஸ்-டென்ஸ் மோடில் இயங்கும் ரவுட்டர்களில் கூடுதல் கவனம் தேவை: வடிகட்டலால் ஒரு குழுவுக்கு ஆர்பியே இல்லாமற்போனால், அக்குழு டென்ஸ் மோடுக்கு மாறி, தடுக்க நினைத்த தரவே எங்கும் பாயக்கூடும்.

232.0.0.0/8 முகவரிகளில் இயங்கும் எஸ்எஸ்எம் முறைக்கு ஆர்பி தேவையில்லை. பெறுநரே அனுப்புநரைக் குறிப்பிட்டுக் கேட்கிறார். வலையமைப்புகளுக்கு இடையிலான மல்டிகாஸ்டுக்கு இம்முறையையே 2020இல் வெளியான ஆர்எஃப்சி 8815 பரிந்துரைக்கிறது.